நாற்சார் வீட்டிற் பொதிந்த கணிதம்

கணிதம் என்றவுடன் கரும்பலகையும் வெண்கட்டியும் பரீட்சை மண்டபமுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. கல்லூரியை விட்டு நீங்கியபின் அதனோடு நமக்குள்ள தொடர்பு கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடுகின்றது என்று எண்ணுவாரும் உளர். ஆயின், நம்மவர் பிறந்து வளர்ந்த வீடுகளின் சுவரிலும் கூரையிலும் முற்றத்திலும், நாம் வகுப்பறையிற் கற்ற கணிதத்தின் சிறந்த பகுதிகள் சில செயல்வடிவிற் பொதிந்துள்ளன. அவற்றை அமைத்த தச்சரும் மேசன்மாரும் தேற்றம், நிறுவல் என்னும் சொற்களை அறிந்தவரல்லர். எனினும் அவர்தம் கோலும் கயிறும் பிழைபட்டில. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்கணிதத்தைச் சிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாற்சார் வீடு யாதென்பதை நம் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வான் நோக்கித் திறந்த முற்றம் ஒன்று நடுவே இருக்க, அதனைச் சூழ நாற்புறமும் அறைகளும் விறாந்தைகளும் அமைந்து, கூரைகள் உள்நோக்கியும் வெளிநோக்கியும் சாய்ந்து நிற்பது அது. சுவருக்குச் சுண்ணக்கல்லும் சுண்ணாம்பும், கூரைக்கு வைரமேறிய பனைமரமும் இம்மண்ணே தந்த பொருள்கள். கேரளத்தில் 'நாலுகெட்டு' என வழங்கும் வீடும் இதனை ஒத்த வடிவினதே.

விளக்கத்தின் பொருட்டு நாம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பக்கம் ஒவ்வொன்றும் 36 அடி; நடு முற்றத்தின் பக்கம் 12 அடி; நான்கு சார்களின் அகலமும் 12 அடி. இவ்வாறு பக்கத்தை மூன்றாகப் பகுத்தால் மனை ஒன்பது சம சதுரங்களாகின்றது. நடுச் சதுரம் முற்றமாக, எஞ்சிய எட்டும் வீடாகின்றன. சிற்ப நூல்கள் மனையை 81 பதங்களாகப் பகுத்து, நடுவிலுள்ள 9 பதங்களைப் பிரமத்தானம் எனக் கூறும் முறையும் இந்த ஒன்பதில் ஒன்று என்னும் விகிதமே.

திசை காணல்

வீடு கட்டுமுன் 'நிலையம் எடுத்தல்' நம்மூர் வழக்கம். மனையின் திசையைத் துணிவது அதன் முதற்படி. காந்த ஊசி இல்லாத காலத்திற் கிழக்கு மேற்கு எவ்வாறு துணியப்பட்டது?

சமமாக்கிய நிலத்தில் ஒரு முளையைச் செங்குத்தாக நாட்டுவர். அம்முளையை மையமாகக் கொண்டு கயிற்றினால் ஒரு வட்டம் வரைவர். காலையில் முளையின் நிழல் நீண்டிருக்கும்; பொழுது ஏற ஏறக் குறுகி, அதன் நுனி ஒரு கணத்தில் வட்டத்தைத் தொட்டு உட்புகும். அவ்விடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் மீண்டும் நீண்டு வட்டத்தைக் கடந்து வெளியேறும். அவ்விடத்தில் மற்றொரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் நேர்கோடு கிழக்கு மேற்காகும். நண்பகலுக்கு முன்னும் பின்னும் சம பொழுதிற் சூரியனின் உயரம் சமமாதலின் நிழல்களின் நீளமும் சமமாகும் என்பதே இதன் காரணம். பின்னர் அவ்விரு புள்ளிகளையும் மையங்களாகக் கொண்டு ஒரே கயிற்றால் இரு வில்கள் வரைய, அவை ஒன்றையொன்று வெட்டி மீன் வடிவொன்றை உண்டாக்கும். அம்மீனின் தலையையும் வாலையும் இணைக்கும் கோடு வடக்குத் தெற்கு. நாம் பள்ளியிற் கவராயத்தால் வரைந்த செங்குத்து இருகூறாக்கி இதுவேயன்றோ!

இம்முறை காத்தியாயன சுல்ப சூத்திரத்திலும் மயமதத்திலும் கூறப்பட்டுள்ளது. பகற்பொழுதிற் சூரியன் சிறிதளவு வடக்காகவோ தெற்காகவோ பெயர்வதால் நேரும் வழுவுக்கு மயமதம் திருத்தமும் கூறுகின்றது. நம் நாட்டுக்கு இம்முறை இன்றியமையாதது. யாழ்ப்பாணம் ஏறக்குறைய 9 பாகை 40 கலை வட அகலக்கோட்டில் உள்ளது. ஆதலின் ஆண்டில் இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் மாத இறுதியிலும், நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கின்றது. இவ்விரு நாட்களுக்கும் இடையே நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய மாதங்களில் வடக்கே விழும். 'நண்பகல் நிழல் காட்டுவதே வடக்கு' என நம்பி அத்திவாரம் வெட்டுவோன் வைகாசியிற் பிழைபடுவான். வட்டம் வரைந்தவன் எம்மாதத்திலும் பிழைபடான்.

மூலை காணல்

திசை துணிந்தபின் மூலைகளைச் செங்கோணமாக்க வேண்டும். கயிற்றை 12 சம கூறாக்கி 3, 4, 5 எனப் பக்கங்களை அமைத்தால் 3க்கும் 4க்கும் இடையே செங்கோணம் பிறக்கும் என்பது பரவலாக அறியப்பட்ட முறை. பைதகரசின் பெயரால் நாம் கற்ற உண்மை, சுல்ப சூத்திரங்களில் வேள்விக் குண்டம் அமைக்கும் விதியாகக் காணப்படுகின்றது.

ஆயின், வர்க்கமூலம் காணாமலே செங்கோண முக்கோணத்தின் செம்பக்கத்தைக் கணிக்கும் விதியொன்றும் தமிழில் வழங்கி வருகின்றது. நீண்ட பக்கத்தை எட்டாகக் கூறிட்டு ஒரு கூற்றை நீக்கி, எஞ்சியதனோடு குறுகிய பக்கத்திற் பாதியைக் கூட்டுக என்பதே அது. 4, 3 என்னும் பக்கங்களுக்கு: 4இல் எட்டிலொன்றாகிய அரையை நீக்க மூன்றரை, 3இற் பாதியாகிய ஒன்றரையைக் கூட்ட 5. மிகச் சரி. 12, 5 என்பவற்றுக்கு: பத்தரையும் இரண்டரையும் கூடி 13. இதுவும் மிகச் சரி. இவ்விரண்டையும் மட்டும் கண்டு, இவ்விதி எங்கும் பொருந்தும் என்று கூறுவார் உளர். அது பொருந்துமா என ஆராய்வது கணிதம் பயின்றார் கடன்.

நீண்ட பக்கத்தைக் குறுகிய பக்கத்தால் வகுத்த விகிதம் வி எனக் கொள்வோம். விதி தரும் விடையும் உண்மை விடையும் சமமாவதற்கு 15வி² − 56வி + 48 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு நிறைவுற வேண்டும். மாணவர் இதனைத் தாமே பெற்றுத் தீர்த்துப் பார்க்க. தீர்வுகள் இரண்டே: 4/3, 12/5. அஃதாவது, விதி முற்றாகப் பொருந்துவது நாம் மேலே கண்ட அவ்விரு வடிவங்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் மட்டுமே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விகிதங்களில் விதி சற்று மிகுத்துக் காட்டும். எனினும் மிகை நூற்றுக்கு 0.8ஐத் தாண்டாது. சதுரத்துக்கோ நூற்றுக்கு ஏறக்குறைய 2.8 குறைத்துக் காட்டும். மிக நீண்ட வடிவங்களில் குறை இன்னும் பெருகும். எனவே இதனை எங்கும் செல்லும் தேற்றமாகப் போற்றுவதும் தவறு. வெறும் பிழையென இகழ்வதும் தவறு. அறைகளுக்கு இயல்பான விகிதங்களில் நம்பத்தக்க தொழில் விதி அது.

இதன் பயனைக் கூரையிற் காணலாம். நம் மாதிரி வீட்டிற் சார் ஒன்றின் முகடு நடுவே அமைய, உட்கூரை கிடையாக 6 அடி ஓடும். சாய்வு 45 பாகையாயின் முகடும் 6 அடி உயரும். நேர்க் கைமரத்தின் நீளம் 6√2, அதாவது ஏறக்குறைய 8 அடி 6 அங்குலம். இங்குச் சதுரமே எழுவதால் மேற்கூறிய விதியைக் கொண்டால் மரம் மூன்றங்குலம் வரை குறைந்துபோம். சதுரத்துக்கு வேறு விதி உண்டு: 12க்கு மூலைவிட்டம் 17. சுல்ப சூத்திரங்கள் தரும் √2இன் பெறுமானத்தில் முதல் மூன்று உறுப்புகளைக் கூட்டினால் வருவது இந்த 17/12 ஆகும். முற்றத்தின் மூலைக்கு மேலே இரு கூரைகள் சந்திக்கும் இடத்திற் சாய்ந்து கிடக்கும் மூலைக் கைமரமோ கிடையாக எட்டரை அடி ஓடி 6 அடி உயர்கின்றது. அதன் நீளம் 6√3, அதாவது 10.39 அடி. விகிதம் 1.41, எனவே எட்டிலொன்று நீக்கும் விதி இங்குப் பொருந்தும். அது தரும் விடை அரையங்குலம் மிகும். மிகுந்த மரத்தை அறுக்கலாம். குறைந்த மரத்தை வளர்க்க முடியாது.

சுற்றளவும் மீதியும்

இனி, ஆயாதிக் கணக்குக்கு வருவோம். வீட்டுக்கு ஆயம் பார்த்தல் என்பதைச் சிலர் தெய்வ வாக்காகவும் சிலர் மூட வழக்கமாகவும் கருதுவர். அதன் நன்மை தீமைப் பலன்களைக் கணிதம் நிறுவவுமில்லை, நிறுவவும் இயலாது. ஆயின் பலனை ஒருபுறம் வைத்துக் கணக்கை மட்டும் நோக்கின், அது மீதிகளின் கணிதம் என்பது புலனாகும்.

24 விரல் கொண்டது முழம். 12 விரல் கொண்டது சாண். மனையின் சுற்றளவை முழத்தால் அளந்து, 3ஆற் பெருக்கி, 8ஆல் வகுத்து வரும் மீதியை யோனி என்பர். மீதி 1 கொடி, 2 புகை, 3 சிங்கம், 4 நாய், 5 எருது, 6 கழுதை, 7 யானை, மீதியின்றேற் காகம். ஒற்றை எண்கள் நான்கும் கொள்ளத்தக்கன. இரட்டை எண்கள் நான்கும் தள்ளத்தக்கன. கொடி கிழக்குக்கும், சிங்கம் தெற்குக்கும், எருது மேற்குக்கும், யானை வடக்குக்கும் உரியன. நாலுகெட்டின் நான்கு சார்களுக்கும் முறையே இந்நான்கையும் வகுப்பது கேரள மரபு. 8ஆற் பெருக்கி 12ஆல் வகுத்த மீதியை ஆயம் என்றும், 9ஆற் பெருக்கி 10ஆல் வகுத்த மீதியை வியயம் என்றும், 8ஆற் பெருக்கி 27ஆல் வகுத்த மீதியை நட்சத்திரம் என்றும் கூறுவர். சில நூல்கள் சுற்றளவையும் சில நூல்கள் நீள அகலங்களையும் கொள்ளும். பெருக்கும் எண்களும் நூலுக்கு நூல் சிறிது வேறுபடும்.

பெருக்குதல் ஏன்? முழக் கணக்கை 3ஆற் பெருக்கினால், ஒரு முழத்தில் எட்டு விரற் கூறுகள் மூன்று உண்டாதலின், சுற்றளவை எட்டு விரற் கூறுகளாக எண்ணியதாகும். 8ஆற் பெருக்குதல் மூன்று விரற் கூறுகளாக எண்ணுதல். மறைபொருள் போலத் தோன்றும் பெருக்கம் வெறும் அலகு மாற்றமே என்பது இப்போது விளங்கும்.

17 முழ நீளமும் 12 முழ அகலமும் உடைய ஒரு மனையை எடுப்போம். சுற்றளவு 58 முழம். 3ஆற் பெருக்க 174. 8ஆல் வகுக்க மீதி 6. கழுதை! ஆகாது. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. நீளமும் அகலமும் முழு முழங்களாக இருக்கும்வரை சுற்றளவு இரட்டை எண்ணே. இரட்டை எண்ணை 3ஆற் பெருக்கினும் இரட்டையே. 8ஆல் வகுத்த மீதியும் இரட்டையே. எனவே முழு முழ அளவில் அமைந்த செவ்வக மனை எதுவும் நல்ல யோனி பெறமாட்டாது. அகலத்தோடு ஒரு சாண் கூட்டுக. அகலம் பன்னிரண்டரை முழம், சுற்றளவு 59, 3ஆற் பெருக்க 177, மீதி 1. கழுதை கொடியாயிற்று. பழைய வீடுகளை அளப்போர் அரை முழ எச்சங்களைக் கண்டால் அவை கட்டினவரின் கவனக்குறைவென எண்ணிவிடலாகாது. அந்தச் சாண் ஒரு கணக்கின் விடையாகவும் இருக்கலாம்.

இன்னும் ஒரு படி செல்வோம். யோனி கொடியாகவும் நட்சத்திரம் அத்தமாகவும் அமையச் சுற்றளவு எத்தனை முழம்? கொடி என்றாற் சுற்றளவை 8ஆல் வகுத்த மீதி 3 ஆதல் வேண்டும். அவ்வெண்கள் 3, 11, 19, 27, 35, 43, 51, 59 என்றவாறு செல்லும். அத்தம் பதின்மூன்றாம் நட்சத்திரம். ஒவ்வோர் எண்ணையும் 8ஆற் பெருக்கி 27ஆல் வகுத்துப் பார்த்தால், 59க்கு மட்டுமே 472 வந்து மீதி 13 ஆகின்றது. அடுத்த விடை 59ஓடு 216ஐக் கூட்டிய 275 ஆகும். 1 முதல் 216 வரையுள்ள முழு எண்களுள் எவ்விரண்டும் ஒரே யோனியும் ஒரே நட்சத்திரமும் பெறா. 8க்கும் 27க்கும் பொதுக் காரணி இன்மையே இதற்குக் காரணம். இரு வகுத்திகளும் இரு மீதிகளும் தந்து எண்ணைக் காணும் இம்முறையைக் கி.பி. 499இல் ஆரியபடர் தம் நூலிற் குட்டகம் என்னும் பெயராற் பின்னர் வழங்கிய முறையில் விளக்கினார். இன்றைய பாடநூல்கள் சீன மீதித் தேற்றம் என இதன் இனமொன்றைக் கற்பிக்கின்றன.

தொழில் நோக்கிலும் இக்கணக்குக்குப் பயனுண்டு என்பது நம் கருத்து. ஒரு சாண் பிழைத்தால் மீதி மாறிவிடும். எனவே அளப்பவன் கவனமாக அளந்தேயாக வேண்டும். நீண்ட எண்களைப் பதிவு செய்யும்போது பிழை புகாமற் காக்க இக்காலத்திற் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றைச் சேர்ப்பதும் இவ்வாறு மீதி கொண்டே.

முற்றமும் வெயிலும் மழையும்

நாற்சாரின் உயிர் முற்றம். அதன் அளவு வெயிலையும் மழையையும் கணித்து நோக்கற்பாலது. டிசெம்பர் மாதக் கடைக்கூற்றில் நண்பகற் சூரியன் நம் உச்சியினின்று தெற்கே ஏறக்குறைய 33 பாகை சாய்ந்திருக்கும். யூன் மாதக் கடைக்கூற்றில் வடக்கே 14 பாகை சாயும். உட்தாழ்வாரத்தின் விளிம்பு நிலத்தினின்று 8 அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். டிசெம்பர் நண்பகலில் தென் தாழ்வாரத்தின் நிழல் முற்றத்தினுள் 5 அடியளவே விழும். 12 அடி முற்றத்தில் ஏறக்குறைய 7 அடி வெயில் பெறும். யூனில் வட தாழ்வாரத்தின் நிழல் 2 அடிதான். ஆகவே நெல் காயவும் ஒடியல் காயவும் ஆண்டு முழுதும் நண்பகல் வெயில் உண்டு. குளிர்ந்த மார்கழியில் அவ்வெயில் வட விறாந்தையினுள்ளும் 5 அடி புகும். விறாந்தை 6 அடி அகலமாயின் வெயில் திண்ணையிற் படும். அறைச் சுவரைச் சுடாது.

மழையின் கணக்கு இன்னும் எளிது. கூரை எவ்வளவு சாய்ந்திருப்பினும் அது பெறும் மழை அதன் கிடைப்பரப்பைப் பொறுத்ததே. நம் வீட்டில் முற்றமும் உள்நோக்கிச் சாயும் கூரைகளும் சேர்ந்து 24 அடிச் சதுரம். பரப்பு 576 சதுர அடி. ஓரங்குல மழை பெய்தால் முற்றத்திற் சேரும் நீர் 48 கன அடி, அதாவது ஏறக்குறைய 300 கலன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்நீரை வாசல் வழியே விடாது, தரைக்குக் கீழே சிறு வாய்க்காலாற் கோடிப்புறத்துக்குச் செலுத்துதல் வேண்டும். ஆறற்ற குடாநாட்டில் அந்நீர் சுண்ணக்கல்லின் வழி இறங்கித் திரும்பவும் கிணற்றுக்கே வந்து சேரும்.

இரு கணிதங்கள்

யாழ்ப்பாணத்திற் கணிதக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினரியில் உயர்கணிதமும் வானநூலும் கற்பிக்கப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். அதன்பின் எழுந்த கல்லூரிகள் கணிதத்தில் வல்லாரை உலகெங்கும் அனுப்பின. அதே ஊர்களில், அதே நாட்களில், முழக்கோலுடன் மற்றொரு கணிதமும் வாழ்ந்தது. பள்ளிக் கணிதம் தச்சுப் பட்டடையை எட்டிப் பார்க்கவில்லை. பட்டடைக் கணிதம் ஏட்டில் ஏறவில்லை. நாம் பைதகரசைப் பாராட்டிப் பரீட்சை எழுதிய வேளையில், நம் தலைக்கு மேலிருந்த கைமரத்தை அறுத்தவனிடம் 'எவ்வாறு அளந்தாய்?' என்று கேட்டோமில்லை.

இப்போது கேட்பதற்குக் காலம் குறுகிவிட்டது. 1990 முதல் வலிகாமம் வடக்கில் மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தது. கைவிடப்பட்ட நாற்சார் வீடுகள் பல செல்லடியிலும் மழையிலும் அழிந்தன. எஞ்சியவை பாகப் பிரிவினைக்கு இடந்தராமையாலும், பனைமரம் தேடுதல் அரிதாகையாலும், தட்டையான கொங்கிறீற்றுக் கூரையே நாகரிகம் என்னும் எண்ணத்தாலும் இடிக்கப்படுகின்றன. புதிய வீடு கட்டுதல் குற்றமன்று. எல்லாரும் நாற்சாரில் வாழ்தல் வேண்டுமென்பதும் நம் கருத்தன்று. ஆனால் அளக்கப்படாமல் இடிந்த வீட்டோடு அதன் கணக்கும் இடிகின்றது.

ஆதலின் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் தீவகத்திலும் இன்னும் நிற்கும் நாற்சார் வீடுகளை, உடையவர் இசைவு பெற்று அளவுநாடாவுடன் சென்று அளக்க. வெளிச்சுற்று, உட்சுற்று, முற்றம், தாழ்வார உயரம், கூரைச் சாய்வு என்னும் ஐந்தையும் அடியிலும் முழத்திலும் குறிக்க. சுற்றளவை 3ஆற் பெருக்கி 8ஆல் வகுத்து, வரும் மீதி ஒற்றையோ இரட்டையோ எனப் பார்க்க. ஊரில் முதிய தச்சர் எவரேனும் இருப்பின் அவர் சொல்லும் விதியை அவர் சொல்லிலேயே எழுதுக. பின்னர் அது எங்குப் பொருந்தும், எங்கு வழுவும் என வீட்டுக்கு வந்து கணிக்க. உயர்வகுப்பு மாணவர் இருவர் ஒரு பிற்பகலில் ஒரு வீட்டை அளந்துவிடலாம். கல்லூரி நூலகத்தில் அத்தகைய அளவேடு ஒன்று தொடங்கப்பட்டால், வீடுகள் வீழ்ந்தபின்னும் அவற்றின் கணிதம் நம்மிடம் நிலைத்திருக்கும்.